டிசம்பரில் வந்தவரும் மார்ச்சில் வந்தவரும்

"பேட்ச் அனுப்பாத ஆளை எடுக்காதே." நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் அமைப்புகளில், கூகுள் தரும் உதவித்தொகையோடு புதியவர்கள் ஒரு கோடைகாலம் வேலை செய்யும் திட்டம்தான் கூகுள் சம்மர் ஆஃப் கோடு. அதில் மெண்டராக, அதாவது அவர்களுக்கு வழிகாட்டியாக, இருக்கும் யாரிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். பேட்ச் என்றால் அந்த நிரலுக்கு அனுப்பும் ஒரு திருத்தம். என்ன செய்யப் போகிறேன் என்று விண்ணப்பத்தோடு தரும் ப்ரபோசலில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாம். நிரல் இருக்கும் ரெப்போவுக்குள் வந்து, ஒரு பிழையைக் கையில் எடுத்து, ரிவ்யூவில் நாலு கேள்வி வாங்கி, திருத்தி, அது மெர்ஜ் ஆகி நிரலோடு சேரும் வரை நிற்பவர்தான், வேலை நடக்கும் ஜூலை மாதத்திலும் நிற்பார் என்பது இதன் பின்னாலுள்ள நியாயம். நானும் இந்த விதியோடுதான் இந்தப் பக்கம் வந்தேன். அதில் பாதி சரி என்று இன்றும் நம்புகிறேன். மீதிப் பாதிதான் 2025 சீசனில் சேலத்திலிருந்து வந்த இரண்டு விண்ணப்பங்களைப் பார்த்ததிலிருந்து என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அந்த வருடம் எல்லோருக்கும் மூச்சு முட்டிய வருடம். 185 அமைப்புகள் இருந்தன. உலகம் முழுவதிலுமிருந்து 15,000க்கும் அதிகமானவர்கள் விண்ணப்பித்தார்கள். கடைசியில் எடுக்கப்பட்டவர்கள் 1,300 பேருக்குள்தான். ஒருவர் மூன்று ப்ரபோசல் வரை அனுப்பலாம் என்பதால் படிக்க வேண்டியவை இன்னும் அதிகம். 2005இல் தொடங்கியபோது இது மாணவர்களுக்கு மட்டுமான திட்டம். 2022 முதல் 18 வயது முடிந்த, ஓப்பன் சோர்ஸுக்குப் புதிதான யாரும் வரலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். அது நல்ல மாற்றம். ஆனால் அதற்குப் பின்னாலேயே ஏஐ கருவிகளும் வந்துவிட்டன. இப்போது எந்த ப்ரபோசலைத் திறந்தாலும் அழகான ஆங்கிலம், வாரவாரியான அட்டவணை, ஆபத்துகளும் மாற்று வழிகளும் என்று ஒரு பத்தி. பத்து ப்ரபோசல் படித்த பிறகு எதை யார் எழுதினார் என்றே நினைவில் நிற்பதில்லை. அதனால் மெண்டர்கள் எல்லோரும் பேட்ச் விதியை முன்னைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார்கள். எழுத்தை நம்ப முடியவில்லை, நிரலையாவது நம்புவோம் என்பதுதான் காரணம்.

எங்கள் குழு சிறியது. பல மொழி உரைகளில் சொற்களைத் தேடித் தரும் ஒரு லைப்ரரியை, அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை, பராமரிக்கிறோம். நான் சேலத்திலிருந்து வேலை செய்கிறேன், மற்றவர்கள் வெவ்வேறு நாடுகளில் இருக்கிறார்கள். ப்ரபோசல்களை வரிசைப்படுத்தி, குறைந்தது இத்தனை, அதிகபட்சம் இத்தனை ஸ்லாட், அதாவது ஆள் எடுக்கும் இடம், வேண்டும் என்று கேட்போம். கூகுள் ஓர் எண்ணிக்கை தரும். பணம் கூகுளுடையது, அந்தந்த நாட்டின் விலைவாசிக்கு ஏற்ப மாறும். மெண்டரின் மாலை நேரம் மட்டும் எங்களுடையது. அதனால் நல்ல ப்ரபோசல் எத்தனை வந்தது என்று பார்த்து நாங்கள் ஸ்லாட் கேட்பதில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை யாரால் வாரம் எத்தனை மணி நேரம் உட்கார முடியும் என்று கூட்டிப் பார்த்துத்தான் கேட்கிறோம். அந்த வருடம் கூட்டிப் பார்த்ததில், தேடல் பகுதிக்கு ஒரே ஒரு ஸ்லாட்டுக்குத்தான் ஆள் இருந்தது. அந்த ஒன்றுக்குத்தான் இந்த இருவரும் போட்டி.

இருவரும் நம்ம ஊர்

முதலாமவர் சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவர். அவருடைய சீனியர் ஒருவர் வேறோர் அமைப்பில் இந்தத் திட்டத்தை முடித்தவர். "டிசம்பரிலேயே உள்ளே போய் உட்கார்ந்துடு" என்று அவர் சொல்லியிருக்கிறார், இவரும் அப்படியே செய்தார். ஆவணங்களில் பிழை திருத்தினார். நிரலைத் தொகுக்கும் பில்டில் வந்துகொண்டிருந்த எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். இரண்டொரு சின்ன பிழைகளையும் சரிசெய்தார். எங்கள் அரட்டை அறையில் புதிதாக வருபவர்களுக்கு நிறுவுவது எப்படி என்று பதில் சொல்லத் தொடங்கிவிட்டார். மரியாதையான, சளைக்காத பையன். அவருடைய ப்ரபோசல் 350 மணி நேரத் திட்டம்: இயந்திரக் கற்றலை வைத்து, தவறாகத் தட்டினாலும் புரிந்துகொள்ளும் தேடல்.

இரண்டாமவர் சேர்வராயன் மலையில் கொட்டச்சேடு பக்கத்துப் பெண். கீழே சேலத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணினி அறிவியல் இளநிலை படிக்கிறார். மார்ச்சில் அந்தக் கல்லூரியில் கட்டற்ற மென்பொருள் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். இப்படி ஒரு திட்டம் இருப்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். அந்த வருடம் விண்ணப்பக் காலம் மார்ச் 24இல் தொடங்கி ஏப்ரல் 8இல் முடிந்தது. அதற்குள் அவரால் அனுப்ப முடிந்தது ஒரே ஒரு பேட்ச். ப்ரபோசல் இரண்டு பக்கம். அட்டவணை எல்லாம் இல்லை.

முதலாமவர் எங்கள் ரெப்போவுக்குள் நுழைந்த அந்த 2024 டிசம்பரை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து ஏற்காட்டுக்கு வண்டிகள் நின்றுபோயின. அது போக, டிசம்பரும் ஜனவரியும் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் காலம். அந்தப் பெண்ணின் வீட்டில் எல்லோரும் பறிக்கப் போவார்கள், கல்லூரி விடுமுறை என்றால் அவரும் போவார். இதைச் சொல்வது பரிதாபம் தேடுவதற்காக இல்லை. அவரும் ஒரு நாளும் அதைப் பரிதாபமாகச் சொன்னதில்லை. மழையும் இல்லாமல் காப்பியும் இல்லாமல் இருந்திருந்தால்கூட டிசம்பரில் அவர் வந்திருக்க மாட்டார். ஏனென்றால் வா என்று சொல்ல அவருக்கு ஒரு சீனியர் இல்லை. நாங்கள் திறமையை அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, யாருக்கு முதலில் சேதி போய்ச் சேர்ந்தது என்பதை அளந்துகொண்டிருக்கிறோமோ என்ற கேள்வி எனக்குள் வந்தது இங்கேதான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு பேரும் என் ஊர்க்காரர்கள், அதில் ஒருவர் என் பேச்சைக் கேட்டு வந்தவர். அதனால் இந்த ஸ்லாட்டுக்கு நான் மதிப்பெண் போட மாட்டேன், கேட்டால் கருத்து மட்டும் சொல்வேன் என்று குழுவில் முதலிலேயே எழுதிவிட்டேன். சிறிய குழுக்களில் இந்த வழக்கம் தளர்வாக இருக்கிறது. தெரிந்த பையன், தெரிந்த கல்லூரி என்று வரும்போது நாம் விலகி நிற்பதுதான் அந்த மாணவருக்கும் நல்லது. தேர்வானால் யார் தயவிலும் வந்தேன் என்று அவர் நினைக்க வேண்டியதில்லை.

கொட்டச்சேடு கிடைக்கவில்லை

அந்த ஒரே பேட்ச் என்ன என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் திரும்பியது. எங்கள் லைப்ரரியை நிறுவியதும் அவர் செய்த முதல் வேலை, சேலம் மாவட்டத்து ஊர்ப் பெயர்கள் அடங்கிய ஒரு பழைய கோப்பைக் கொடுத்து அதில் தன் ஊரைத் தேடியது. கிடைக்கவில்லை. கொண்டப்பநாயக்கன்பட்டியும் கிடைக்கவில்லை. ஓமலூர் கிடைத்தது, அஸ்தம்பட்டி கிடைத்தது. கோரிமேடு? அதுவும் இல்லை. எழுத்துகளைக் கணினியில் குறியீடுகளாகச் சேமிக்கும் யூனிகோடு முறை பற்றித் தெரிந்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். கொ என்று எழுதும்போது அந்த உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கோ, கௌ வரிசைகளுக்கும் இதே கதைதான். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட அந்தக் கோப்பில் இரண்டாகப் பிரிந்து கிடந்தன. அவருடைய விசைப்பலகை ஒன்றாகத் தட்டியது. எங்கள் லைப்ரரி தேடும் சொல்லை மட்டும் ஒழுங்குபடுத்தியது, தேடப்படும் உரையை அப்படியே விட்டிருந்தது. ஐரோப்பிய மொழிகளில் பெரும்பாலான உரைகள் ஏற்கெனவே ஒன்றுசேர்ந்த வடிவில் இருப்பதால் இத்தனை காலம் யாருக்கும் உறுத்தவில்லை.

அவர் திருத்தத்தை அனுப்பவில்லை, முதலில் டெஸ்டை, அதாவது பிழையைக் காட்டும் சோதனை நிரலை, அனுப்பினார். மூன்று ஊர்ப் பெயர்கள், இரண்டு விதமாகச் சேமித்தவை, மூன்றும் தோற்கின்றன என்று. பிறகுதான் திருத்தம்: என்எஃப்சி என்ற ஒருங்கிணைப்பு முறையில் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சில வரிகள். ரிவ்யூ செய்த மெண்டருக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. "சரியாக இருக்கிறது, இதோடு ௌ வரிசைக்கும் ஒரு டெஸ்ட் சேர்த்துவிடு" என்று ஒரு வரி எழுதினார். சாதாரண ரிவ்யூ குறிப்பு. இப்படிப்பட்ட குறிப்புக்கு எல்லோரும் அன்றே சேர்த்து அன்றே அனுப்பிவிடுவார்கள்.

பதில் வர சில நாள் ஆனது. அதற்குள் ஆள் போய்விட்டார் என்றுதான் அந்த மெண்டர் நினைத்திருக்கிறார். வந்த பதிலில் டெஸ்ட் இருந்தது, கூடவே ஒரு குறிப்பும். ௌ வரிசையில் ஒருங்கிணைப்பு மட்டும் போதாது. தமிழில் நிறையப் பேர் கௌரி என்பதை கெளரி என்று, அதாவது கெ எழுதி அடுத்து உண்மையான ள எழுத்தைத் தட்டிவிடுகிறார்கள், அது யூனிகோடின்படி வேறு சொல், ஒருங்கிணைப்பு அதைத் தொடாது என்று விளக்கியிருந்தார். அடுத்த வரிதான் முக்கியம். "இதையும் லைப்ரரியே மாற்றிவிடலாம் என்று முதலில் எழுதிப் பார்த்தேன். கெளுத்தி என்று ஒரு மீன் இருக்கிறது. அது கெட்டுப்போனது. ள எழுத்துக்குப் பிறகு உயிர்க்குறி இருந்தால் தொடாதே என்று மாற்றினேன். கெளுத்தி தப்பியது, வெளக்கு கெட்டுப்போனது. கதைகளில் பேச்சு வழக்கை அப்படியேதான் எழுதுகிறார்கள். ஆகவே லைப்ரரி இதைத் தானாகச் செய்யக்கூடாது என்று நினைக்கிறேன். பயன்படுத்துபவர் கேட்டால் மட்டும், இரண்டு வடிவத்தையும் தேடலாம்." எழுதிப் பார்த்து எடுத்துப்போட்ட நிரலையும், முக்கிய நிரலைத் தொடாத தனிக் கிளையில் வைத்திருந்தார், யாராவது சரிபார்க்க வேண்டுமென்றால் பார்க்கட்டும் என்று.

நான் அதை இரவில் படித்தேன். பல வருடம் இந்தத் துறையில் இருப்பவர்களே இந்த இடத்தில் ஒரு விதியைப் போட்டு மூடிவிட்டுப் போய்விடுவார்கள். இணையத்தில் தமிழ் தேடும்போது மௌனமும் மெளனமும் தனித்தனியாக வருவதைப் பார்த்து எரிச்சல்படாதவர்கள் யார்? அந்த எரிச்சலுக்குக் கைக்கெட்டிய தீர்வு ஒன்று கிடைத்ததும், அதனால் எந்தச் சொல் சாகும் என்று தேடிப் போக ஒரு தனிப் பொறுப்பு வேண்டும். மற்றவர் வீட்டு மொழியின் மேல் கை வைக்கிறோம் என்ற உணர்வு அது. கல்லூரியில் அதற்குப் பாடம் இல்லை.

ஜூலை மாதத்தில் யார் இருப்பார்

தேர்வுக் கூட்டத்தில் முதலாமவருக்காகப் பேசிய மெண்டரின் வாதத்தை நான் முழு மரியாதையோடு சொல்கிறேன். "கெட்டிக்காரர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். ஜூலையில் காணாமல் போன கெட்டிக்காரர்களையும் பார்த்திருக்கிறோம். இந்தப் பையன் நாலு மாதம் ஒரு நாள் விடாமல் இருந்திருக்கிறான். அதுவும் ஒரு திறமைதான்." உண்மை. பாதியில் ஆள் மறைந்தால் அந்த ஸ்லாட் அந்த வருடத்துக்கு வீண், மெண்டரின் கோடையும் வீண். அந்தப் பெண்ணோ ஒரு ரிவ்யூவுக்கே நாள்கணக்கில் மறைந்தவர். ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, வீட்டில் சிக்னல் நிற்காது, கல்லூரிக்குக் கீழே இறங்கும் நாளில்தான் எழுதியதை ரெப்போவுக்குப் புஷ் செய்ய முடியும், நடுவில் உள்தேர்வு வேறு என்று நேராகச் சொல்லியிருந்தார்.

அந்த இடத்தில்தான் ரிவ்யூ செய்த மெண்டர் ஒன்று சொன்னார்: "நாம் ஆளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ப்ராஜெக்டைப் பார்ப்போம். இரண்டில் எது பாதியில் நின்றாலும் நமக்குப் பயன்படும்?" அதுவரை சுற்றிச் சுற்றி வந்த பேச்சு சட்டென்று நேரானது. முதலாமவருடைய 350 மணி நேரத் திட்டம் கடைசி வாரத்தில்தான் பயன் தரும். பயிற்சித் தரவு சேர்க்க வேண்டும், மாதிரியைப் பழக்க வேண்டும், அதை லைப்ரரியோடு இணைக்க வேண்டும். எந்த இடத்தில் நின்றாலும் கையில் எதுவும் மிஞ்சாது. அவரிடமிருந்த உழைப்புக்கு அந்தத் திட்டம் பொருந்தவே இல்லை. பெரிதாக எழுதினால்தான் எடுப்பார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். இரண்டு விதமாகச் சேமித்த சொற்களை ஒன்றாகத் தேடித் தரும் அந்தப் பெண்ணின் திட்டத்தில் தமிழ் முடிந்தால் தமிழுக்குப் பயன். அடுத்து, இதே போல உயிர்க்குறி பிரியும் மலையாளம், வங்காளம் என்று எத்தனை முடிகிறதோ அத்தனைக்கும் பயன். எங்கே நின்றாலும் அதுவரை செய்தது நிற்கும்.

அவர் கேட்டிருந்தது 175 மணி நேரம். 2024 முதல் 90 மணி நேரத்தில் சிறிய ப்ராஜெக்டும் உண்டு. தேர்வு முடிவைக் கூகுளுக்கு அனுப்பும் முன்பே அவரிடம் பேசி 90 மணி நேரத்துக்குச் சுருக்கலாமா என்று கேட்டோம். மே மாதம் ஏற்காட்டில் சீசன், கோடை விழாக் கூட்டம், வீட்டுக்காரர்கள் போடும் கடையில் அவரும் நிற்க வேண்டும். அது முடிந்து ஜூனில் நிதானமாகத் தொடங்கினால் வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரம் போதும். "அக்கா, பணம் குறையுமே, பரவாயில்லை, ஆனா முடிச்சுடுவேன்" என்றார். பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. அதைப் பேசக் கூச்சப்படும் மாணவர்கள்தான் தூக்கமில்லாமல் 350 மணி நேரத்தை ஒப்புக்கொண்டு நடுவில் உடைந்துபோகிறார்கள். மே 8 அன்று தேர்வானவர்கள் பட்டியல் வந்தது, அதில் அவர் இருந்தார். செப்டம்பருக்குள் சொன்ன வேலையை முடித்தும் கொடுத்தார்.

இதை இங்கேயே நிறுத்தியிருந்தால் இது நல்ல கதை. ஆனால் மே மாதமே முதலாமவரிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. "டிசம்பர்ல இருந்து வேலை பார்த்தேன் மேடம். என் கோடு இன்னைக்கும் உங்க ரெப்போல ஓடிட்டிருக்கு. அதுக்கு மதிப்பே இல்லையா?" கோபமாக எழுதவில்லை. கோபமாக இருந்திருந்தால் பதில் சொல்வது சுலபம். ப்ரபோசல் ஏன் போகவில்லை என்பதை ஒவ்வொரு பகுதியாக எடுத்து நீளமாக எழுதினேன். எந்த அளவில் சுருக்கினால் அடுத்த முறை வலுவாகும் என்றும் எழுதினேன். மதிப்பு உண்டா என்ற கேள்விக்கு மட்டும் அந்தக் கடிதத்தில் என்னால் பதில் எழுத முடியவில்லை. பேட்ச் அனுப்பு என்று உலகம் முழுக்க மெண்டர்கள் சொல்கிறோம். அவர்களும் நம்பி அனுப்புகிறார்கள். பத்தில் ஒருவரைக்கூட எடுக்க முடியாத இடத்தில், மீதிப் பேரின் மாதக்கணக்கான உழைப்பைச் சம்பளமில்லாமல் வாங்கிக்கொள்கிறோம். தாமதமாக வந்தவருக்கு இந்த விதி அநியாயம் என்று மட்டும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னபடி முன்கூட்டியே வந்தவருக்கும் அது அநியாயம்தான்.

இதற்கு வேறு வழி இல்லாமல் இல்லை. க்னோம் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் குழு 2010 முதல் பெண்களுக்காக நடத்தத் தொடங்கி, இன்று அவுட்ரீச்சி என்ற பெயரில் நடக்கும் திட்டத்தைப் பாருங்கள். அங்கேயும் பங்களிப்பு கட்டாயம். ஆனால் முதலில் ஒரு தகுதி விண்ணப்பம், அதில் தேறியவர்களுக்குத்தான் ப்ராஜெக்ட் பட்டியல், அதன் பிறகு எல்லோருக்கும் ஒரே பங்களிப்புக் காலம். எல்லோரும் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்குகிறார்கள். இன்னொரு பக்கம் இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். சம்மர் ஆஃப் கோடின் முதல் பத்து வருடங்களில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பியது அதுதான். ஒரு சீனியர் கூட்டம் அடுத்த கூட்டத்தைக் கைப்பிடித்து உள்ளே கொண்டுவந்ததுதான் காரணம் என்பது என் எண்ணம். அந்தச் சங்கிலி இல்லாத கல்லூரியில் பிறக்கும் முதல் ஆளை எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் மெண்டர்களின் வேலையில் கடினமான பகுதி.

அதனால் என்ன ப்ராஜெக்ட் செய்யலாம் என்று விண்ணப்பதாரர்களுக்குச் சொல்லும் எங்கள் ஐடியா பக்கத்தை மாற்றச் சொல்லி நான் குழுவில் விடாமல் கேட்டேன், மாற்றினோம். அந்த வருடம் பங்கேற்கும் அமைப்புகளின் பட்டியலைக் கூகுள் வெளியிட்ட பிறகு வரும் பேட்ச்களை மட்டுமே தேர்வுக்குப் பார்ப்போம். எத்தனை அனுப்பினாலும் அதில் மூன்றை விண்ணப்பதாரரே தேர்ந்தெடுத்துக் காட்டட்டும், அந்த மூன்றின் ரிவ்யூ உரையாடலை முழுக்கப் படிப்போம். ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் 90 மணி நேரத்தில் முடியும் உட்கரு என்ன என்று நாங்களே எழுதி வைப்போம். எடுக்கப்படாதவர்களில் பேட்ச் அனுப்பிய ஒவ்வொருவருக்கும் காரணத்தோடு கடிதம் போகும். இதில் முதல் விதியை ஒரு மெண்டர் இன்னும் ஏற்கவில்லை. ஆர்வமாக முன்னால் வருபவரைத் தள்ளிவிடுகிறோம் என்கிறார். நான் சொல்வது, முன்னால் வந்தவருக்கு ரிவ்யூ செய்யும் உரிமையைக் கொடுப்போம், குழுவின் உறுப்பினராகவே ஏற்போம். ஸ்லாட்டை மட்டும் அதற்குக் கூலியாக ஆக்க வேண்டாம். முதலாமவருக்கு அந்த உரிமையைக் கொடுத்தோம், அவரும் தொடர்ந்து ரிவ்யூ செய்கிறார். அது அவருடைய கேள்விக்குப் பதிலாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. குழுவில் இந்த விவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கத்துக் கல்லூரிகளில் கணினித் துறையில் பாடம் எடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அமைப்புகளின் பட்டியல் வழக்கமாகப் பிப்ரவரி பிற்பாதியில் வருகிறது. பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பும் முதல் வாரத்திலேயே இப்படி ஒன்று இருக்கிறது என்று வகுப்பில் சொல்லிவிடுங்கள், பொறியியல் துறைக்கு மட்டும் என்று நினைக்காமல் பிஎஸ்சி, பிசிஏ வகுப்புகளிலும் சொல்லுங்கள். யாராவது வந்து பேச வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுங்கள், மார்ச் வரை காத்திருக்க வேண்டாம்.